விலையும் செவியும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும். உன் துறை சம்பந்தமா இருக்கணும், ஆனா பசங்க தூங்கக் கூடாது" என்று இரண்டு நிபந்தனை போட்டார். தலைப்பை நான் தேடவில்லை. போன தடவை இந்த வளாகத்துக்கு வந்தபோது கேன்டீன் வாசலில் ஒரு தம்பி தானாகவே கொடுத்துவிட்டான். "அண்ணே, நீங்க சவுண்ட் டெஸ்டிங்ல இருக்கீங்களாமே? ஹெட்போன் வாங்கணும். ஐந்நூறு ரூபாய்க்கு வாங்குனா போதுமா, இல்ல மெஸ் காசை மிச்சம் பண்ணி அஞ்சாயிரத்துக்கு வாங்கவா? வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டான். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அப்புறம் சொல்றேன்" என்று ஓடிவிட்டேன். அந்தக் கடனைத்தான் இன்று தீர்க்க வந்திருக்கிறேன்.

என் வேலை, சென்னையில் ஒலிக்கருவிகளைச் சோதித்துப் பார்ப்பது. காலை முதல் மாலை வரை மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் இவற்றோடுதான் குடித்தனம். ஆனால் காதைப் பற்றிய முதல் பாடத்தை நான் வகுப்பறையில் படிக்கவில்லை. திரேஸ்புரத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் படித்தேன்.

அப்பா சங்கு குளிக்கப் போனவர். தண்ணீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் மேலே நாம் சுமக்கும் காற்றழுத்தத்தைப் போல இன்னொரு மடங்கு கூடிவிடும். மூக்கைப் பிடித்துக் காற்றை உள்ளே தள்ளி, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்துகொண்டேதான் இறங்க வேண்டும். ஜலதோஷம் பிடித்திருந்தால் அந்தக் காற்று போகாது. ஒரு நாள், ஜலதோஷத்தோடு, வீட்டுச் செலவை நினைத்து அப்பா இறங்கினார். வலது செவிப்பறை கிழிந்தது. அதன்பிறகு அந்தக் காது முழுதாகத் திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் யாராக இருந்தாலும் அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம். சின்ன வயதில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் அப்பா இலங்கை வானொலி கேட்பார். எங்கள் கரைக்குக் கடல் தாண்டி வருகிற அலைவரிசை அது, துல்லியமாக விழும். இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். மத்திய அலையில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதில் சுமார் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் பெரும்பாலும் வந்து சேராது. ஆக, பாதிக்கும் மேலே வெட்டப்பட்ட ஒலியை, ஒற்றைக் காதில் கேட்டு, அந்த மனிதர் கண்ணை மூடி ரசித்திருக்கிறார். ரசிப்பதற்கு விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை என்பதற்கு எனக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் எல்லா ஹெட்போனும் ஒன்றுதானா? இல்லை. அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு ஹெட்போனின் குணத்தை முதலில் தீர்மானிப்பது அதன் சுருதிச் சமநிலை. தாழ்ந்த ஒலி, நடு ஒலி, உச்ச ஒலி மூன்றையும் எந்த விகிதத்தில் காதுக்குத் தருகிறது என்பதுதான் விஷயம். நாங்கள் இதை 'ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ்' என்போம். தவிலின் இடது பக்கம் எவ்வளவு கனமாக விழுகிறது, நாதஸ்வரம் காதைக் குத்துகிறதா, பாடுகிறவர் முன்னால் நிற்கிறாரா அல்லது கதவுக்குப் பின்னால் நிற்கிறாரா என்பதெல்லாம் இதில் அடங்கிவிடும். மலிவான ஹெட்போன் பலவற்றில் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே ஊதிப் பெருக்கி வைத்திருப்பார்கள். கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது 'அடேயப்பா' என்றிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் கேட்டால், இளையராஜாவின் பேஸ் கிடார் தனித்தனி சுரமாகக் கேட்காமல் ஒரே 'தொம் தொம்' ஆகிவிடும்.

போன பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தேன். மூன்று ஹெட்போன். மூன்றுமே காதை மூடுகிற வகை, மூன்றுமே ஒயர் உள்ளவை. ஒன்று டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ரூ.350-க்கு வாங்கியது. இன்னொன்று சென்னை ரிச்சி தெருவில் ரூ.1,800-க்கு வாங்கியது. மூன்றாவது நான் வேலைக்காக வைத்திருப்பது, ரூ.24,000.

இந்த மாதிரிச் சோதனையில் இரண்டு திருட்டுத்தனம் தானாக நுழையும். ஒன்று, சத்தம். இரண்டு கருவியில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுவே 'தரமானது' என்று மனது சொல்லிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும், ஏமாந்துவிடுவோம். அதனால் கனமான அட்டையில் துளை போட்டு, அதில் சத்தம் அளக்கும் மீட்டரின் மைக்கைச் செருகி, மூன்று ஹெட்போனையும் ஒவ்வொன்றாக அதன்மேல் அழுத்தி, மூன்றுக்கும் ஒரே அளவு வருகிறாற்போல் வால்யூமைக் குறித்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது, கண். பளபளப்பைப் பார்த்தால் காது அதற்கேற்ற மாதிரி கேட்கும். எல்லோருக்கும் கண்ணைக் கட்டி, ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். கையால் தொடவிடவில்லை. ஆனாலும் எடையும் மெத்தையும் தலைக்குத் தெரிந்துவிடும். ஆகவே இது குற்றமற்ற சோதனை என்று சொல்ல மாட்டேன். வீட்டுச் சோதனை, அவ்வளவுதான்.

அப்பா, அம்மா, மதினி, தெருக்காரர்கள் என்று ஏழு பேர். முடிவு என்ன தெரியுமா? ரூ.350 ஹெட்போனை எல்லோரும் மூன்றாவது இடத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு பிசகும் இல்லை. மதினி, "இது பானைக்குள்ள தலைய விட்டு கேக்குற மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் ரூ.1,800-க்கும் ரூ.24,000-க்கும் நடுவில் வோட்டு பிரிந்துவிட்டது. மறுநாள் மறுபடி கேட்டபோது இரண்டு பேர் கட்சி மாறினார்கள். அப்பா, நல்ல காதில் கேட்டுவிட்டு, ரூ.1,800-ஐத் தொட்டுச் சொன்னார்: "எல, இதுல பாடுறவன் மூச்சு வாங்குறதுகூட கேக்குது." மற்றதின் விலையைச் சொன்னேன். "ஒரு வலை எடுத்துரலாமே!" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஏழு பேரை வைத்து நான் செய்தது விளையாட்டு என்று நீங்கள் தள்ளலாம். நியாயம். பெரிய அளவில் செய்தவர்களும் இருக்கிறார்கள். யெரூன் பிரெபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் சுருதிச் சமநிலைக்கும் கடை விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொடர்பு இல்லை என்று 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவும் அவருடைய சகாக்களும் கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, சீனா ஆகிய நான்கு நாடுகளில் 238 பேரை, எந்த ஹெட்போன் என்று தெரியாமலே கேட்கவைத்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். நாடு, வயது, அனுபவம் வேறுபட்டாலும் ஜனங்கள் விரும்பிய ஒலி ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. அந்த விருப்பத்தை ஒரு கோடாக வரைந்து வைத்திருக்கிறார்கள். இன்று குறைந்த விலையில் ஹெட்போன் செய்கிறவர்களும் அந்தக் கோட்டைப் பார்த்துச் சுருதி கூட்ட முடிகிறது. முன்பு பணக்காரன் வீட்டுச் சமையல் குறிப்பாக இருந்தது, இப்போது எல்லோருக்கும் கிடைத்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் முத்துப் பார்களில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-இல். பிறகு 1973-இல் இதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து வளர்த்துக் காட்டினார்கள். இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் கழுத்தில் போட்டால் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். ஆனால் விலை வேறு. அந்த விலை அழகுக்கு மட்டும் கொடுப்பது அல்ல, அருமைக்கும் சேர்த்துக் கொடுப்பது.

அப்படியானால் கூடுதல் பணம் முழுக்க வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். பணம் எதை வாங்கித் தரும் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். நல்ல மெத்தை, மூன்று மணி நேரம் போட்டாலும் காது மடல் வலிக்காத பிடி. இடது வலது இரண்டும் ஒரே அளவில் ஒலிப்பது. கழற்றி மாற்றக்கூடிய ஒயர். நம் ஊர் உப்புக் காற்றில் பின் சீக்கிரம் கறுத்துப் போகும், ஒயர் பின்னோடு சேரும் கழுத்தில்தான் முதலில் அறும். முழுக் கருவியையும் தூக்கிப் போடாமல் ஒயரை மட்டும் மாற்ற முடிந்தால், அதுவே பாதி விலைக்குச் சமம்.

இன்னொன்று, வெளிச்சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அழிக்கும் வசதி. இதன் பின்னால் நம் தேசத்து ரத்தம் இருக்கிறது. வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன நோனி கோபால் போஸ் என்ற விடுதலைப் போராட்டக்காரரின் மகன் அமர் போஸ். 1978-இல் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் திரும்பும்போது, என்ஜின் இரைச்சலில் பாட்டு கேட்க முடியவில்லையே என்று, உட்கார்ந்த சீட்டிலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே மாதிரி ஓடுகிற தாழ்ந்த இரைச்சலுக்கு, அதாவது என்ஜின், ஃபேன், பஸ் இவற்றுக்கு, இது நன்றாக வேலை செய்யும். பக்கத்து ரூம்காரன் பேச்சுக்கு அவ்வளவாகச் செய்யாது.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். இனிச் சொல்லப்போவது சிரிக்கிற விஷயமில்லை. நான் இங்கே நிற்பதற்கு உண்மையான காரணம் இதுதான்.

என் சித்தப்பா மகன் ஒருவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். எனக்குச் சொந்தத் தம்பி இல்லாத குறையைத் தீர்த்தவன். ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். விடிய விடிய கம்ப்ரஸர் இரைச்சல். காதை அடைத்துக்கொள்ள அங்கே யாரும் எதுவும் கொடுக்கவில்லை, இவனும் கேட்கவில்லை. ஐம்பது ரூபாய் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டு கேட்பான். 2019-இல் எனக்கு போனஸ் வந்தபோது, "இந்தக் கரகரப்பை எல்லாம் கேக்காதல" என்று, ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். நல்ல விலை. காதின் மேலே நுரைப் பஞ்சு வைத்தாற்போல் உட்காரும் வகை. ஒலி அவ்வளவு சுத்தம்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன். அந்த வகை வெளிச்சத்தத்தைத் தடுக்காது. கம்ப்ரஸர் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமென்றால் வால்யூமை ஏற்ற வேண்டும். பழைய ஐம்பது ரூபாய் இயர்போனில் ஓரளவுக்கு மேல் ஏற்றினால் கரகரவென்று உடைந்துவிடும், அவனே குறைத்துவிடுவான். அந்தக் கரகரப்பு ஒரு வகையில் காவல்காரன். நான் கொடுத்தது எவ்வளவு ஏற்றினாலும் உடையாது. உடையாத ஒலி சத்தமாக இருப்பதே காதுக்கு உறைக்காது. இரண்டு வருடம், ராத்திரி எட்டு மணி நேரம், அப்படியே கேட்டிருக்கிறான்.

2021-இல் அவன் வீட்டுக்குப் போனபோது கவனித்தேன். சித்தி 'தட்டு' என்றால் 'பட்டு' என்கிறானா என்று விழிக்கிறான். கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் "என்ன?" என்கிறான். தூங்கப் போகும்போது காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் நிற்பதே இல்லை என்றான். காது டாக்டரிடம் அழைத்துப் போய் ஆடியோகிராம் எடுத்தோம். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டு காதிலும் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் கெட்ட காதின் கையெழுத்து அது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. காரணம் கம்ப்ரஸரா, ஹெட்போனா என்று டாக்டர் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டும்தான். ஆனால் அதில் ஒன்று என் கையால் போனது.

உள்காதில் இருக்கிற மயிர்ச் செல்கள் மனிதருக்கு ஒரு முறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அப்பாவின் காது வயிற்றுப்பாட்டுக்காகப் போனது. இவன் காது பாட்டுக்காகப் போயிற்று. அண்ணன் அன்பளிப்பாகக் கொடுத்த பாட்டு. நான் அவனிடம் பிராண்டைச் சொன்னேன், ஒலித் தரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். "சத்தத்தைக் குறைச்சு வை" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இந்தக் கல்லூரியில் டெசிபல் கணக்கைப் படித்து மார்க் வாங்கியவன் நான்.

அந்தக் கணக்கு இதுதான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட அளவுப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சக்தி இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10 மணி. 89 என்றால் 5 மணி. 92 என்றால் இரண்டரை மணி. 95 என்றால் ஒன்றேகால் மணி. இது ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கு. தம்பி ஒரே ராத்திரியில் பல வாரத்துக் கணக்கைச் செலவு செய்திருக்கிறான்.

ஆகவே கேன்டீன் வாசலில் கேட்ட தம்பிக்கு என் பதில். ஐந்நூறுக்கும் கீழே போகும்போது வித்தியாசம் பெரும்பாலும் தெரியும். ஓரளவு நல்ல விலைக்கு மேலே ஏற ஏற, ஒலியில் கூடுவது கொஞ்சம், விலையில் கூடுவது நிறைய. மெஸ் காசைக் குறைக்காதே, சாப்பிடு. ரப்பர் முனை உள்ள ஒயர் இயர்போன் வாங்கினால், பெட்டியில் வருகிற மூன்று அளவு ரப்பரையும் போட்டுப் பார். காதுத் துளையோடு பொருந்தி அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி முழுதாக வரும். பொருந்தாத பத்தாயிரம் ரூபாயைவிடப் பொருந்திய ஆயிரம் ரூபாய் நன்றாகப் பாடும். அதோடு வெளிச்சத்தமும் அடைபடும், வால்யூம் தானாகக் குறையும். கடையில் கேட்கும்போது உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டை, ஒரே சத்தத்தில் எல்லாவற்றிலும் கேள். பேச்சையும் கேள், மனுஷக் குரல் பொய் சொல்லாது. போனில் வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தால் இன்றே வை. வண்டி ஓட்டும்போதும் ரோட்டில் நடக்கும்போதும் கழற்றிவிடு. கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்றால், அது காது போடுகிற கூச்சல் என்று புரிந்துகொள்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் தொழிற்சாலைகளில் பொறுப்பான இடத்தில் இருக்கிறோம். நம் கீழே இரைச்சலில் வேலை பார்க்கிறவருக்குக் காதடைப்பான் கிடைக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். அதன் விலை ஒரு டீ, வடைக்கு மேல் போகாது. நம் சங்கம் ஆண்டுதோறும் ரத்ததான முகாம் நடத்துவதுபோல், மாணவர்களுக்கு ஒரு செவிப் பரிசோதனை முகாமும் நடத்தலாம் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன். கருவிகளை ஏற்பாடு செய்ய நான் ஓடி வருகிறேன்.

தம்பி இப்போது வேறு வேலையில் இருக்கிறான். பாட்டு கேட்பதை விடவில்லை. கூடத்தில் சின்ன ஸ்பீக்கரில், மெதுவாக வைத்துக் கேட்கிறான். போன தடவை போயிருந்தபோது அப்பா வழக்கம்போலத் திண்ணையில் இருந்தார். இவன் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தான். நான் பேசுவது இரண்டு பேருக்கும் விளங்க வேண்டுமே என்று, எதிரே போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

 உங்கள் காதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.